அடைக்கலமா, அடிமைத்தளையா?

குடமுழுக்கு நாள். கோபுரக் கலசத்தின் மேல் குருக்கள் நீர் ஊற்றுகிறார். வானத்தில் செம்பருந்து ஒன்று வட்டமிடுகிறது. "கருடன் வந்துவிட்டான்!" என்று கூட்டம் கூவுகிறது. கைகள் தலைக்கு மேல் குவிகின்றன. கன்னங்களில் அடி விழுகிறது. ஆயிரம் பேர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் பேறு பெற்ற அதே பறவை, மறுநாள் காலை, மாஞ்சா நூல் சிறகை அறுக்க, அதே கோயிலின் மதிலோரச் சாக்கடையில் வீழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேற்றுக் கும்பிட்ட ஆயிரம் பேரில் எத்தனை பேர் குனிவார்கள்?

அண்ணாந்து பார்க்க ஆயிரம் பேர். குனிந்து எடுக்க ஆள் இல்லை. நம் நாட்டு உயிர்க்கருணையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுத நம்மால் இயலாது.

அடிபட்ட காட்டுப் பறவை ஒன்றை வீட்டில் சில நாள் வைத்துக் காப்பது பற்றி எழுதப் போகிறோம். "இதுவும் ஒரு பொருளா? நாடு கிடக்கும் கிடையில் நாரைக்கும் பருந்துக்குமா ஏடு?" என்று முகம் சுளிக்கும் தோழர்களுக்குப் பின்னால் விடை சொல்கிறோம். சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

கூகையின் கதை கருடனின் கதையைவிட வேடிக்கையானது. தெற்கே, அது கூவினால் சாவு வருமாம். கூரையில் அமர்ந்தால் குடி கெடுமாம். வடக்கே, அது திருமகளின் ஊர்தியாம். அந்த ஊர்தியைக் கொன்று பூசை செய்தால் செல்வம் வீட்டிலேயே தங்கிவிடுமாம்! அதனால் தீபாவளியை ஒட்டி ஆந்தைகள் கள்ளச் சந்தையில் விலை போகின்றன. இகழ்ந்த இடத்தில் கல். புகழ்ந்த இடத்தில் கத்தி! இத்தனைக்கும் அந்தப் பறவை செய்யும் தொழில் எலி பிடிப்பது. நெல் வயலில் குச்சி நட்டு, ஆந்தை வந்து அமர இடம் செய்து கொடுங்கள் என்று வேளாண்மைத் துறையினர் உழவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உழவனுக்குக் கூலி கேளாமல் இரவுக் காவல் செய்யும் பறவை, சாத்திரத்தின் கையில் பட்டதும் எமதூதன் ஆகிவிட்டது.

காக்கை? அமாவாசையன்று அது நம் பாட்டனார். மறுநாள் அதன் குஞ்சு கூட்டிலிருந்து தவறி முற்றத்தில் விழுந்தால், பாட்டனாரின் பேரப்பிள்ளையைத் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். சட்டமும் நெடுநாள் இந்தக் குழப்பத்தில் பங்கு கொண்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகே அந்தப் பட்டியல் ஒழிந்தது. சாத்திரப்படி மூதாதை, சட்டப்படி எலிக்கு உடன்பிறப்பு! காக்கை காக்கையாகவே இருக்க ஐம்பது ஆண்டு காத்திருந்தது.

பறவையைப் பறவையாகப் பார்க்க மறுக்கும் இந்த நோய் நம் கதைகளிலேயே குடியிருக்கிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபியை எடுத்துக்கொள்வோம். சோழர் குலத்து முன்னோன் என்று தமிழ் வழக்கும், வடநாட்டு வேந்தன் என்று பாரதமும் சொந்தம் கொண்டாடும் மன்னன் அவன். கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நெகிழ்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாரதக் கதையின் முடிவைப் பாருங்கள். துரத்தி வந்த பருந்து இந்திரனாம். அடைக்கலம் புகுந்த புறா அக்கினித் தேவனாம்! மன்னனைச் சோதிக்க வேடமிட்டு வந்தார்களாம். சோதனை முடிந்தது, புகழ் கிடைத்தது, சுபம். நாம் கேட்கிறோம்: புறா வெறும் புறாவாகவே இருந்திருந்தால்? பின்னால் தேவன் இல்லை, பூமாரி இல்லை, புராணம் எழுத ஆள் இல்லை என்றால், அந்த உயிரின் நடுக்கத்துக்கு மதிப்பில்லையா? உருவம் மாறி வந்த தேவனைக் காப்பது அரண்மனை அரசியல். உண்மைப் புறாவைக் காப்பதில்தான் அறம் பற்றிய கேள்வியே தொடங்குகிறது.

பேகன் கதை வேறு வகை. அங்கே தேவர் வேடம் இல்லை. மயில் மயிலாகவே இருக்கிறது. குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை அதன் மேல் போர்த்தினான். ஈர நெஞ்சம், ஐயமில்லை. ஆயினும் தோகையையும் இறகையும் சுமந்து மலையில் வாழும் மயிலுக்குப் போர்வை எதற்கு? பழந்தமிழ்ப் புலவர் அவன் ஈகையைக் கொடைமடம் என்றார். அன்பாகவே சொன்னார். மடம் என்ற சொல்லையும் மறவாமல் சேர்த்தே சொன்னார். அந்தப் புலவரின் நேர்மை நமக்கு வேண்டும். ஏனெனில் அடிபட்ட பறவைகளில் பல, கல்லால் சாவதில்லை, பூனையால் சாவதில்லை. எடுத்தவரின் கொடைமடத்தால் சாகின்றன.

எப்படி என்று கேட்பீர்கள். மயங்கிக் கிடக்கும் பறவையைக் கண்டதும் நம் வீட்டார் முதலில் செய்வது, அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது. மனிதன் மயங்கினால் செய்வதையே பறவைக்கும் செய்கிறார்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குள் இறங்கும். தாகம் தீர்த்தோம் என்று மகிழ்ந்திருக்கையில் பறவை தரையிலேயே மூழ்கிச் சாகிறது! அடுத்தது பால். குழந்தைக்குப் பால் நல்லது. ஆகவே குஞ்சுக்கும் நல்லது என்பது கணக்கு. பறவை பாலூட்டி இனம் அன்று. பாலைச் செரிக்கும் ஆற்றல் அதற்கில்லை. அடுத்தது அணைப்பு. மார்போடு சேர்த்து இறுக அணைத்துக்கொள்வார்கள். நம்மைப் போல் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையே மூச்சை இழுக்கும் தசைத்திரை பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுகப் பிடித்த கை, எவ்வளவு அன்பான கையானாலும், மூச்சை நிறுத்தும் கைதான்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. அதனால்தான் அது கடினம். ஒரு பழைய துண்டைப் பறவையின் தலை மேல் போட்டு, சிறகு மடங்கியிருக்கும்படி மெல்ல எடுக்க வேண்டும். பருந்தோ கூகையோ ஆனால் கால் நகங்களில் கவனம் வேண்டும். நன்றி அறியாத நகங்கள் அவை. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டி, அடியில் துணி, மேலே மூடி. கம்பிக் கூண்டு வேண்டாம். மோதி மோதி இறகை ஒடித்துக்கொள்ளும், இறகு ஒடிந்தால் எலும்பு கூடியும் பயனில்லை. இருட்டு, இளஞ்சூடு, அமைதி. இந்த மூன்றுமே முதல் மருந்து. அதன்பின் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொண்டு செல்ல வேண்டும். பறவையின் எலும்பு விரைந்து கூடும். ஆகவே கோணலாகவும் விரைந்தே கூடிவிடும். "இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்ப்போம்" என்பவர், ஒட்டவைத்திருக்கக்கூடிய சிறகை ஊனமாக்கி முடித்திருப்பார்.

குஞ்சுகளைப் பற்றி ஒரு சொல். சிறகு முளைத்துப் பறக்கப் பழகும் குஞ்சு தரையில் தத்தித் திரிவது இயல்பு. தாயும் தந்தையும் பக்கத்துக் கிளையிலிருந்து இரை கொண்டுவந்து ஊட்டும். "ஐயோ, அனாதை!" என்று தூக்கிக்கொண்டு போவது காப்பாற்றல் அன்று, நல்லெண்ணத்தோடு செய்யும் பிள்ளைத் திருட்டு. இறகு முளைக்காத குஞ்சானால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால், திரும்ப வைத்துவிடலாம். "மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்று பாட்டி சொன்னதாகச் சொல்வார்கள். தீண்டினால் தீட்டு என்ற நம்முடைய நோயைப் பறவையின் தலையிலும் கட்டிவிட்டார்கள், பாவம்! பறவைக்கு அந்தத் தீட்டுக் கிடையாது. தன் குஞ்சு கீச்சிட்டால் தாய் வரும்.

இதுவரை சொன்னது கையின் வேலை. மனத்தின் வேலை இனிமேல்தான்.

நாலைந்து நாள் கழிகின்றன. மருத்துவர் பார்த்துவிட்டார், "ஒரு வாரம் அசையாமல் இருக்கட்டும், பிறகு கொண்டு வாருங்கள்" என்றார் என்று கொள்வோம். பறவை நம் கையிலிருந்து இரை வாங்குகிறது. படபடப்பில்லை, கொத்தவில்லை, ஒரு மூலையில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. "பார்த்தீர்களா, நம்மோடு பழகிவிட்டது! இதற்கு நம்மைப் பிடித்துவிட்டது!" என்று வீட்டார் உருகுகிறார்கள். கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். குழந்தை அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுகிறது.

பறவை அடங்கி உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அச்சத்தால். நோயையும் வலியையும் வெளியே காட்டினால் பகை பாயும் என்று காட்டில் கற்ற உயிர், மிக அஞ்சும்போது மிக அமைதியாக இருக்கும். அச்சத்தின் மௌனத்தை அன்பின் மௌனம் என்று படிக்கிறோம். தோழர்களே, இந்தப் பிழையான படிப்பு பறவையிடம் மட்டுமா நடந்தது? சேரி அமைதியாக இருக்கிறது, ஆகவே அவர்களுக்குக் குறையில்லை என்றார்கள் பண்ணையார்கள். அடுப்பங்கரையில் அவள் வாய் திறப்பதில்லை, ஆகவே அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றார்கள் குடும்பத் தலைவர்கள். தகப்பன் காப்பான், கணவன் காப்பான், மகன் காப்பான் என்று பெண்ணுக்கு மூன்று கூண்டு செய்து வைத்தார் மனு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குக் காப்பாளர் பட்டியலை நீட்டவில்லை. ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை ஆயிற்று. காப்பாற்றுகிறேன் என்று சொல்பவரின் கை, பூட்டின் மேலேயே இருப்பதை அறிந்தவர்கள் அந்த மாநாட்டினர்.

பறவைக்கும் பெண்ணுக்கும் ஒப்புமையா என்று சினக்க வேண்டாம். நாம் ஒப்பிடுவது காப்பவரின் மனத்தைத்தான். "நான் காப்பாற்றினேன், ஆகவே என்னுடையது" என்ற அந்த ஒரே வரிக் கணக்கு, அரசனிடமும் ஆண்டையிடமும் கணவனிடமும் குடியிருந்தது, காலில் அடிபட்ட கிளியை எடுத்து வந்து, கால் ஆறியதும் சிறகை வெட்டித் திண்ணையில் தொங்கவிடுபவரிடமும் அதுவே குடியிருக்கிறது. நம் ஊர்த் தெருவோரக் கிளியை நினைத்துப் பாருங்கள். சிறகிழந்து, சிறையிருந்து, தன் நாளை விதியை மாற்ற வழியற்ற உயிர், சீட்டு எடுத்து நம் நாளை விதியைச் சொல்கிறதாம்! பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்று சட்டம் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. கிளி மட்டும் அன்று. சட்டம் காக்கும் எந்தக் காட்டுப் பறவையையும் உரிமமின்றி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அடிபட்டதாயினும் வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கருணைக்குத் தடை என்று சிலர் குறை கூறுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. கருணை உடைமையாகத் திரிந்துபோகும் அந்த நுட்பமான நாள் எது என்று கருணை கொண்டவருக்கே தெரிவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் கேட்டால்தான் தெரியும்.

குஞ்சாக எடுத்ததானால் ஊறு இன்னும் பெரிது. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், முட்டையைவிட்டு வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் முதலில் கண்ட தம்மையே தாயென்று எண்ணிப் பின்தொடர்ந்ததை ஆராய்ந்தார். விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். மனிதனைத் தாயென்று பதித்துக்கொண்ட பறவைக்குத் தன் இனம் அன்னியம். துணை தேடத் தெரியாது, பகை அறியாது. வானத்தில் விட்டாலும் நம் முற்றத்துக்கே திரும்பி வரும். அன்பின் வெற்றி என்று பாட்டெழுதலாம். நாமோ அதை ஓர் உயிரின் வாழ்வைத் திருடியது என்போம். அதனால்தான் பறவை மீட்புப் பணி அறிந்தவர்கள், குஞ்சுக்கு இரை ஊட்டும்போது தம் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள், தாய்ப் பறவை போன்ற கைப்பாவையால் ஊட்டுகிறார்கள். முகம் காட்டாத தொண்டு! மாலையும் மேடையும் எதிர்பார்க்கும் நம் பொதுவாழ்வில் சிலருக்கு இந்தப் பயிற்சி பயன்படும். அது வேறு கதை.

ஒரு சிக்கலை ஒளிக்காமல் பேச வேண்டும். பருந்துக்கு இறைச்சி வேண்டும். கூகைக்கு எலி வேண்டும். ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைக் கொடுப்பது எந்த அறம்? சிபியின் கதையில் பருந்து கேட்பதும் இதைத்தானே: புறாவுக்கு இரங்கினாய், என் பசிக்கு என்ன விடை? நியாயமான கேள்வி. நாட்டின் தலைநகரில் இதற்குச் சிலர் ஒரு விடை கண்டார்கள். சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை டெல்லி சாந்தினி சௌக்கில் உள்ளது. புறாவுக்கும் கிளிக்கும் கட்டணமின்றி மருத்துவம் செய்யும் அரும்பணி அங்கே நடக்கிறது, பாராட்டுகிறோம். ஆனால் ஊன் உண்ணும் பறவைகளுக்கு உள்ளே தங்கும் இடம் கிடையாது. மருந்திட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். பருந்தின் அலகைப் படைத்தது இயற்கை. அந்த அலகுக்காக அதற்கு வாசல் வரைதான் அனுமதி. உணவைப் பார்த்து உயிரைத் தரம் பிரிக்கும் பழக்கம் எங்கேயிருந்து வருகிறது என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அதே டெல்லியில், வசீராபாத் பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற உடன்பிறந்தார் இருவர் பருந்துகளுக்கு மருத்துவம் செய்கிறார்கள். இளமையில் அடிபட்ட பருந்தொன்றைத் தூக்கிச் சென்றபோது, அது ஊன் உண்பது என்று மருத்துவமனை ஒன்று திருப்பி அனுப்பியதே தொடக்கம். மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். உடற்பயிற்சிக் கலையில் ஈடுபட்டபோது தசைகளைப் பற்றி அறிந்ததை வைத்துத் தொடங்கி, மருத்துவர்களின் துணையோடு தொழிலைக் கற்றார்கள். சோப்புக் கருவி செய்து விற்ற வருவாயில் நடந்தது பணி. ஆயிரக்கணக்கான பருந்துகள் அங்கிருந்து மீண்டும் வானம் ஏறியிருக்கின்றன. 2022இல் வெளிவந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. 2023இல் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. அங்கே பருந்துக்கு இறைச்சி தரப்படுகிறது. இறைச்சிக் கடையில் வாங்கி, அரைத்து, தட்டில் வைக்கிறார்கள். நமக்கும் அதுவே சரியெனப்படுகிறது. பருந்தைப் பருந்தாக ஏற்றுக்கொண்டால் அதன் இரையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தயிர்சோறு ஊட்டி அதைத் திருத்தி எடுக்கலாம் என்பது பட்டினி போட்டுக் கொல்வதற்குப் பக்தி மொழியில் ஒரு பெயர்.

இப்போது, முகம் சுளித்த தோழர்களிடம் வருகிறோம். "மனிதனுக்கே மருந்தில்லாத நாட்டில் பறவைக்கு மருந்தா? உயிர்க்கருணை பேசியவர்கள்தாமே சக மனிதனைத் தெருவில் நடக்கவிடவில்லை?" உண்மை. 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலையில் நாய் நடக்கலாம், ஈழவர் நடக்கக் கூடாது என்றிருந்தது. எறும்புக்கு அரிசிமாவுக் கோலம் போட்ட கைகள், தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீரைத் தொலைவிலிருந்து ஊற்றின. அந்தப் போலிக் கருணையின் மேல் நம் இயக்கம் கொண்ட சினம் தணியவில்லை, தணிய வேண்டுவதும் இல்லை. ஆனால் போலிக் கருணையை மறுப்பது ஒன்று. கருணையையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது வேறொன்று. அவர்கள் எறும்பிடம் இரங்கியது பிழையன்று. மனிதனிடம் இரங்க மறுத்ததே பிழை. மேலும், சிறகொடிந்த பருந்தை மருத்துவரிடம் சேர்க்க நமக்குச் செலவாவது ஓர் அட்டைப் பெட்டியும் அரை நாளும். அந்த அரை நாளால் நின்றுபோகும் சமூகப் புரட்சி எது என்று தெரிந்தால் எழுதுங்கள். நாமும் பெட்டியைக் கீழே வைத்துவிடுகிறோம்.

அது தானே வந்து விழுந்ததும் இல்லை. கண்ணாடித் தூள் தோய்த்த நூலைக் காற்றில் விட்டது மனிதக் கை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அந்த நூலை நாடு முழுதும் தடை செய்தது. ஆயினும் பட்டக் காலத்தில் அது கிடைக்கத்தான் செய்கிறது, பறவைச் சிறகையும் சாலையில் செல்வோர் கழுத்தையும் அறுக்கத்தான் செய்கிறது. முன்வினை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அந்த வினைக்கு ஒரு கடை உண்டு, ஒரு விலை உண்டு, விற்பவர் ஒருவர் உண்டு. நம்மவர் செய்த ஊறுக்கு நம்மவர் செய்யும் ஈடு என்றே மருத்துவத்தைக் கருதுகிறோம். புண்ணியக் கணக்கில் வரவு வைக்க அதில் ஒன்றுமில்லை.

எல்லாப் பறவையும் மீள்வதில்லை. சிறகு மூட்டு நொறுங்கி, இனிப் பறக்கவே இயலாது, வலியும் தீராது என்று மருத்துவர் சொன்னால்? இங்கேதான் நம்மிடையே கருத்து வேறுபாடு எழுகிறது, எழட்டும். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீரா வேதனையில் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை, மருத்துவரைக் கொண்டு ஊசியிட்டு உயிர் விடச் செய்தார் காந்தியார். அகிம்சை பேசியவர்களே கொதித்தெழுந்தார்கள். காந்தியாரோடு நமக்குள்ள மாறுபாடுகள் நாடறிந்தவை. ஆயினும் அன்று அவர் செய்தது சரி என்றே சொல்வோம். கொல்லாமை என்ற சொல்லைக் காப்பதற்காக ஓர் உயிரைத் துடிக்கவிடுவது, சாத்திரத்துக்காக மனிதனைத் துடிக்கவிட்டதற்குத் தம்பி முறை. ஆனால் இந்த முடிவு மருத்துவரின் அறிவோடு எடுக்கப்பட வேண்டியது. நம் அலுப்பின் பேரில் எடுக்கக் கூடாது. வலியின்றி, பறக்க மட்டும் இயலாமல் வாழக்கூடிய பறவையானால்? வனத்துறையின் காப்பகத்தில் தன் இனத்தோடு அது வாழலாம் என்பர் சிலர். வானமற்ற பருந்து பருந்தா என்பர் சிலர். நாம் முன்னவர் பக்கம் சற்றுச் சாய்கிறோம். கால் இழந்த மனிதனிடம் சென்று, நடக்க இயலாத வாழ்வு வாழ்வா என்று நாம் கேட்பதில்லை அல்லவா? இருப்பினும் பறவை தன் விருப்பத்தைச் சொல்லாது என்பதால், இந்தச் சாய்வை முழு உறுதியோடு சொல்ல நாம் துணியவில்லை.

பறவையை நேசிக்க வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமென்பதே இல்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரை மக்கள் 1798இலேயே அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் பறவைகளைச் சுடக் கூடாதென்று உறுதி பெற்றவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தத் தன்னலத்தில் குற்றம் காண மாட்டோம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடி கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று. அங்கே எவரும் ஒரு நாரையையும் தொட்டதில்லை, பெயர் வைத்ததில்லை. பிள்ளைகளுக்கு ஒரு நாள் வெடிச் சத்தம் குறைந்தது, அவ்வளவே.

ஆறிய பறவையை விடும் நாள் ஒன்று உண்டு. மருத்துவரும் வனத்துறையினரும் அந்த நாளைக் குறிப்பார்கள். பருந்தானால் காலை வெயில் ஏறியபின். கூகையானால் மாலை மங்கியபின், காக்கைகள் அடங்கியபின். இயன்றவரை எடுத்த இடத்திலேயே விட வேண்டும்; அதன் துணையும் இரையிடமும் அங்கேதான் இருக்கும். பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மேலே எறியக் கூடாது. சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும், பிறகு போய்விடும். திரும்பிப் பார்த்ததாகச் சொல்லும் கதைகளை நாம் நம்புவதில்லை. பெட்டியை எரித்துவிட்டு, துண்டைக் கொதிநீரில் அலசி, கையைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். பறவை எச்சத்தால் பரவும் நோய்கள் சில உண்டு.